ஏற்காட்டில் சிறு பூக்கடைக்கான கொய்மலர்களை எப்போது நடுவது?

சேலத்தில் பூக்கடை வைத்திருக்கும் நீங்கள், ஏற்காட்டில் உள்ள பத்து சென்ட் நிலத்தில் எதை, எப்போது நடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரக் குளிர்ச்சிக்கு ஏற்றது, நீண்ட தண்டில் வரிசையாகப் பூக்கும் கிளாடியோலஸ் என்பேன்; இரகத்தைப் பொறுத்து 60 முதல் 90 நாள்களில் பூப்பதால், கிழங்குகளை ஒரே நாளில் புதைத்துவிடாமல், பதினைந்து நாளுக்கு ஒரு பாத்தியாக நட்டால் கடைக்குத் தண்டு தொடர்ந்து கிடைக்கும். சாமந்தி அப்படியன்று, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும் என்பதால், ஆனி, ஆடியிலேயே நாற்று வேரூன்றியிருக்க வேண்டும்.

அறுவடையில்தான் பலர் இழக்கிறார்கள். கிளாடியோலஸின் அடிமொட்டு ஒன்றிரண்டில் நிறம் தெரிந்ததுமே, விடிகாலையில், செடியில் நான்கு இலைகளையாவது விட்டு அறுத்து, உடனே தண்ணீர் வாளியில் நிறுத்துங்கள். சேலத்துக்கு வரும் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தண்டுகள் நின்றபடியே இறங்க வேண்டும். படுக்கவைத்தால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், பிறகு நிமிராது.