கேள்வி நேரம்: கடெற் பிள்ளைகளும் பவேரியா மலைகளும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கடெற் என்கிற சீருடை இளையோர் அமைப்புகளில் இருக்கும் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் ஜெர்மனியின் பவேரியாவுக்குச் சாகசப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறார்கள், அனுப்பலாமா வேண்டாமா? நானும் லண்டனில் ஒரு கடெற் பிரிவில் தொண்டராக நிற்கிறவன் என்பதால் ஆசிரியர் எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

என் மகனுக்கு 14 வயது, ஆர்மி கடெற்றில் இருக்கிறான். வாரத்தில் இரண்டு மாலை போய்வந்தவரைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது ஒரு கிழமை ஜெர்மனிக்குப் போகப் போகிறானாம். நாங்கள் வன்னியில் இருந்து வந்தவர்கள். பச்சை உடுப்பைக் கண்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. இது பிள்ளைகளை ஆர்மிக்கு எடுக்கிற வழியா? — ஒரு தாய், ஹரோ

‘அது அந்த நாடு, இது இந்த நாடு’ என்று ஒரே வரியில் உங்கள் பயத்தைத் தட்டிவிட எனக்கு மனமில்லை. எந்தப் பக்கத்துச் சீருடையாக இருந்தாலும் அது வாசலுக்கு வந்தால் பிள்ளையைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்த சனம் நாங்கள், அந்தப் பயம் கடவுச்சீட்டு மாறினவுடன் போய்விடாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆர்மி கடெற், எயார் கடெற் இரண்டும் பாதுகாப்பு அமைச்சின் ஆதரவில் நடக்கும் இளையோர் அமைப்புகள், இராணுவத்தின் பகுதிகள் அல்ல. சீ கடெற் ஒரு தொண்டு நிறுவனம், அதற்கும் அமைச்சின் ஆதரவு உண்டு. உங்கள் மகன் படைவீரன் இல்லை, போர் வந்தாலும் அவனைக் கூப்பிட முடியாது, நாளைக்கே ‘எனக்குப் போதும்’ என்று சொல்லிவிட்டு வரலாம், யாரும் மறிக்க மாட்டார்கள். இராணுவத்தில் உண்மையாகச் சேருவதென்றால் 16 வயதாக வேண்டும், 18க்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் நடக்காது. அந்தப் பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆனால் ஆள் சேர்க்கிற வாசனை அறவே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். கடெற்றில் இருந்த பிள்ளைகளில் சிலர் பிறகு படைக்குப் போகிறார்கள், அமைச்சுக்கும் அதில் மகிழ்ச்சிதான். அதைப்பற்றி மகனோடு ஒருநாள் ஆறுதலாக இருந்து கதையுங்கள், பயணத்தை மறித்துவிட்டு அல்ல. இந்தப் பயணத்தில் துவக்கும் இல்லை, அணிவகுப்பும் இல்லை. மலை நடை, பாறை ஏற்றம், ஆற்றில் படகு, அவ்வளவுதான். போட்டுக்கொள்வதும் மழைக்கோட்டும் தலைக்கவசமும்தான், பச்சை உடுப்பு அல்ல. பவேரியாவின் அல்காய் மலைப்பக்கத்தில் பிரித்தானிய இராணுவத்துக்குக் கனகாலமாகச் சாகசப் பயிற்சி விடுதிகள் இருக்கின்றன, செலவு குறைவு என்பதால் கடெற் குழுக்களும் அந்தப் பக்கம் போகின்றன. வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

மகள் எயார் கடெற்றில் இருக்கிறாள். இங்கேதான் பிறந்தாள், ஆனால் அவளிடம் பிரிட்டிஷ் பாஸ்போட் இல்லை. எங்களுக்கு இப்போதுதான் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. குழுவோடு சேர்ந்து போனால் விசா தேவையில்லை என்று ஒருவர் சொன்னார், உண்மையா? — வாசகர், ஈஸ்ட் ஹாம்

அந்த ஒருவரின் பேச்சை நம்பிக் கடைசி வாரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டாம். பள்ளிக்கூடக் குழுக்களுக்கு என்று சில சலுகைகள் உண்டுதான், ஆனால் கடெற் பிரிவு பள்ளிக்கூடம் அல்ல. இலங்கைக் கடவுச்சீட்டில் போகிற பிள்ளைக்கு ஷெங்கன் விசா (ஜெர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா) வேண்டும் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம், ஆகப் பிந்தினால் 15 நாள். ஆனால் கோடைக்கு முன்னால் விசா நிலையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு, அதனால் அந்த 15ஐ மறந்துவிடுங்கள். 12 வயது தாண்டினால் பெரியவர்களின் கட்டணமான 90 யூரோதான், கைரேகையும் எடுப்பார்கள், பிள்ளை நேரில் வர வேண்டும். பயணக் கடிதம், காப்புறுதி, பெற்றோர் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் பிரிவின் பொறுப்பாளரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள், கடெற் அதிகாரிகளில் பலருக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது, அவர்களுடைய பிள்ளைகளுக்கு இது வந்ததில்லை.

இன்னொன்று. அகதி அந்தஸ்தோடு இருக்கும் குடும்பங்கள் பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கவென்று இலங்கை உயர்ஸ்தானிகராலயப் பக்கம் போக வேண்டாம், அது உங்கள் அந்தஸ்தையே கேள்விக்குள்ளாக்கலாம். உள்துறை அமைச்சிடம் அகதிப் பயண ஆவணம் எடுக்க வழி இருக்கிறது. அதற்கு விசா தேவையா என்பது ஷெங்கனுக்குள்ளேயே நாட்டுக்கு நாடு வேறுபடும், ஜெர்மன் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். திரும்பி வருகிற வழியையும் பாருங்கள். வதிவிட உரிமையைக் காட்டும் பிளாஸ்டிக் அட்டைக் காலம் போய் இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கும் ஈ-விசா, புதுக் கடவுச்சீட்டோ பயண ஆவணமோ எடுத்தால் அதை ஈ-விசாக் கணக்கோடு இணைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மியூனிக்கில் விமானம் ஏறும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

உங்கள் விஷயத்தில் இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளையின் தாய் அல்லது தகப்பனுக்குப் பிறகு நிரந்தர வதிவிடம் கிடைத்தால், 18 வயதுக்கு முன் பிள்ளையைப் பிரிட்டிஷ் பிரஜையாகப் பதிவு செய்யலாம். கட்டணம் கொஞ்சம் வயிற்றெரிச்சலான தொகைதான். ஒரு ஜெர்மனிப் பயணத்துக்காக இல்லாவிட்டாலும் பல்கலைக்கழகக் காலம் வருவதற்குள் எப்படியும் செய்யத்தான் வேண்டும், இந்தச் சாட்டில் செய்துவிடுங்கள். ஆனால் அதுவும் மாதக்கணக்கில் போகும், இந்தக் கோடைக்குக் கைக்கு வரும் என்று கணக்குப் போட வேண்டாம்.

பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளைகளின் கடவுச்சீட்டு ஐந்து வருடம்தான், நாடு திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். அலமாரியைத் திறந்து திகதியைப் பாருங்கள். ஐரோப்பாவில் அவசர மருத்துவத்துக்கு உதவுகிற, என்.எச்.எஸ் தரும் ஜிஹிக் அட்டை இலவசம், அதற்குக் காசு கேட்கும் இணையத்தளங்களில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆறு, பாறை என்கிறீர்கள். ஒன்று நடந்துவிட்டால் யார் பொறுப்பு? — தந்தை, குரொய்டன்

நியாயமான கேள்வி. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் தென்கரையில் லைம் வளைகுடாவில் ஒரு தனியார் சாகச மையம் கூட்டிப்போன கயாக் பயணத்தில் நான்கு பதின்ம வயதுப் பிள்ளைகள் இறந்தார்கள். காற்று படகுகளைக் கடலுக்குள் இழுத்துப் போனது, கூட்டிப்போனவர்களுக்குப் போதிய அனுபவம் இல்லை, உதவியும் நேரத்துக்கு வரவில்லை. அந்த மையத்தின் இயக்குநர் சிறைக்குப் போனார், 1995இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. இன்றைக்கு இந்த நாட்டில் பிள்ளைகளுக்கு மலையேற்றம், படகு போன்ற சாகசங்களைக் காசுக்கு நடத்தும் மையங்களுக்கு உரிமம் கேட்கிறார்களே, அது அந்த நான்கு பிள்ளைகளால் வந்தது.

ஆனால் கவனியுங்கள், அந்த உரிமம் கடல் தாண்டிச் செல்லாது. பவேரியாவில் படகு விடுகிறவர் ஜெர்மன் கம்பனிக்காரராக இருக்கலாம். அதனால் பெற்றோர் கூட்டத்தில் கை உயர்த்திக் கேளுங்கள்: பாறையில் கூட்டிப்போகிறவர் யார், அவரிடம் என்ன தகுதிச் சான்றிதழ், ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், வானிலை மோசமானால் மாற்றுத்திட்டம் என்ன, பயணத்துக்கு மேலிடத்து எழுத்து அனுமதி வந்துவிட்டதா, காப்புறுதி மலை மீட்பையும் சேர்த்ததா. நல்ல பொறுப்பாளர் என்றால் இந்தக் கேள்விகளுக்கு முகம் மலரும், பதில்கள் கோப்பில் தயாராக இருக்கும். ‘கவலைப்படாதீர்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்று மட்டும் பதில் வந்தால் நான் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

பெண் பிள்ளை. 13 வயது. ஆண் பிள்ளைகளோடு ஒரே விடுதியில் தங்க விடுவதா என்று மாமியார் சண்டை. — சட்டன்

விடுதி ஒன்றாக இருக்கும், அறையும் குளியலறையும் தனித்தனி. உடன் போகும் பெரியவர்கள் எல்லாரும் குற்றப்பின்னணிச் சோதனை முடித்தவர்களாக இருக்க வேண்டும். பெண் அதிகாரி யார் போகிறார் என்று பெயரைக் கேளுங்கள், முடிந்தால் மகளோடு போய் ஒருமுறை சந்தித்துவிடுங்கள், மாதவிடாய் நாட்களில் நீச்சலுடை போட்டு ஆற்றில் இறங்குவதுபற்றி அவரிடம் பிள்ளையே நேரடியாகக் கேட்கக்கூடிய மாதிரி. மாமியாரிடம் அந்த அதிகாரியின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். யாரென்று தெரியாத கூட்டத்தோடு அனுப்புவதுதான் பெரியவர்களுக்குப் பயம், ஒரு பெயர் தெரிந்தால் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

பயணத்தில் ஒருநாள் டாகாவ் வதைமுகாமுக்கும் கூட்டிப் போகிறார்களாம். சின்னப் பிள்ளைகளுக்கு இது தேவையா? — வாசகர், டூட்டிங்

எனக்குக் கேட்டால் தேவை. பவேரியாப் பக்கம் போகும் குழுக்கள் பலவும் மலையில் நாலு நாள் குதித்துவிட்டு ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குவது வழக்கம். மியூனிக்குக்குப் பக்கத்தில் 1933 மார்ச்சில், ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில் திறந்த முகாம் அது. முதலில் அடைத்தது அரசியல் எதிரிகளை. பிறகு வந்த முகாம்களுக்கு மாதிரியாக நின்றதும் அதுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற வரலாறு, கண்ணால் பார்க்கட்டும்.

ஆனால் எங்கள் வீடுகளில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. முள்வேலியையும் காவல் கோபுரத்தையும் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, ‘அப்பா, மெனிக் பாமில் நீங்களும் முள்வேலிக்குள்ளேதானே இருந்தீர்கள்’ என்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கேட்கும். டாகாவும், 2009இல் போர் முடிந்த நேரத்தில் வன்னிச் சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாமும் ஒன்றல்ல, ஆனால் பிள்ளைக்குக் கேள்வி வரும். என்ன சொல்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள், பேச்சை மாற்றினால் அது கூகுளில் தேடிக்கொள்ளும், அங்கே என்ன கிடைக்குமோ தெரியாது.

காசு கட்ட முடியவில்லை, மகனிடம் ‘உனக்கு விருப்பமில்லை என்று சொல்லு’ என்றேன். — பெயர் வேண்டாம்

வேண்டாம் அக்கா, அப்படிச் சொல்ல வைக்காதீர்கள். பொறுப்பாளரிடம் தனியாகப் பேசுங்கள், தவணையில் கட்ட விடுவார்கள், பல பிரிவுகளில் இதற்கென்றே ஒரு நிதி ஒதுக்கி வைத்திருப்பார்கள். கேட்கிற முதல் ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள். மலைச் சப்பாத்தும் மழைக்கோட்டும் பிரிவின் களஞ்சியத்தில் இரவல் கிடைக்கும், புதிதாக வாங்கப் போக வேண்டாம்.

அங்கிள், எனக்கு உயரம் என்றால் பயம், நீச்சலும் சரியாக வராது. அம்மாவுக்குத் தெரியாது. போகலாமா? — 15 வயது கடெற்

போகலாம் தம்பி, ஆனால் முதலில் அம்மாவுக்குச் சொல்லு, பிறகு படிவத்தில் எழுது. நீச்சல் பற்றிக் கேட்கும் இடத்தில் ‘நன்றாக நீந்துவேன்’ என்று எழுதிவிட்டுப் போகிறவன்தான் ஆற்றில் பெரியவர்களுக்குத் தலையிடி. அங்கே ஓடும் இல்லர் ஆறு ஓபர்ஸ்டோர்ஃப் என்ற ஊருக்குப் பக்கத்தில் மூன்று மலை ஆறுகள் கூடி வருவது, கோடையிலும் தண்ணீர் விறைக்கும், ரப்பர் உடையும் மிதவை அங்கியும் போட்டுத்தான் இறக்குவார்கள். போவதற்குள் இரண்டு மாதம் இருக்கிறதே, உன் பகுதி நீச்சல் குளத்தில் 25 மீற்றர் வரும்வரை பழகு.

உயரத்துக்கு வருவோம். உன்னைக் கூட்டிப்போகும் பாறைப் பாதையில் இரும்பு வடம் ஒன்றைப் பாறையோடு சேர்த்து அறைந்திருப்பார்கள். உன் இடுப்புப் பட்டியில் இருந்து இரண்டு கயிறு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொளுக்கி. இரண்டும் வடத்தில் மாட்டியிருக்கும். வடத்தைப் பாறையில் பொருத்திய முளை வந்ததும் ஒரு கொளுக்கியை மட்டும் கழற்றி முளைக்கு அப்பால் மாட்டி, ‘கிளிக்’ என்று கேட்ட பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது, கை நடுங்கினாலும், பின்னால் நிற்கிறவன் அவசரப்படுத்தினாலும். இதைத் தரையிலேயே நின்று பழக்கித்தான் மேலே ஏற்றுவார்கள். உயரத்துக்குப் பயப்படுகிற பிள்ளைகள் இதில் கெட்டித்தனமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு கொளுக்கியையும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார்கள். பயமில்லாதவனைத்தான் நாங்கள் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருப்போம்.

நடுவில் நின்று ‘ஏலாது’ என்று சொன்னாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள், இறக்கிக் கொண்டுவந்து விடுவார்கள். சப்பாத்தை மட்டும் வீட்டிலேயே போட்டு நடந்து பழகிவிட்டுப் போ, புதுச் சப்பாத்தோடு வந்து முதல் நாளே குதிக்கால் கொப்புளித்து விடுதியில் இருந்த பிள்ளைகள் ஏராளம்.