ஸ்காட்லாந்தில் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ள ஒற்றைத் தடச் சாலையில் எதிரே வண்டி வந்தால் யார் ஒதுங்குவது?

ஒதுங்குமிடம் (வழிவிடச் சாலையோரம் அகலப்படுத்திய இடம்) இடப்பக்கம் இருந்தால் உள்ளே போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் திருப்பவே கூடாது. அதற்கு நேரெதிரே உங்கள் ஓரத்திலேயே நின்றால் போதும், எதிரே வருபவர் வளைந்து போய்விடுவார்.

ஸ்காட்லாந்தின் என்சி500 கடற்கரைச் சுற்றில் உங்களைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள் என்றீர்களே, வலப்பக்கம் பாய்ந்திருப்பீர்கள். முதல் நாள் நாங்களும் அதையேதான் செய்தோம்!

நாளைக்கு மனைவியை ஒதுங்குமிடத்தைக் காட்டும் அடுத்த வெள்ளைப் பலகை எங்கே என்று சொல்லிக்கொண்டே வரச் சொல்லுங்கள். கடலை அப்புறம் பார்க்கலாம். பலகை கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறையுங்கள். பின்னால் வண்டி சேர்ந்தாலும் இதே முறையில் வழிவிடுங்கள்.

ஆனால் படமெடுக்க ஒதுங்குமிடத்தில் நிறுத்தாதீர்கள். அதே சுற்றில் ஆப்பிள்கிராஸ் கிராமத்துக்கு ஏறும் பீலாக் நா பா கணவாய் 626 மீட்டர் உயரம், கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது மேடேறி வருபவருக்கு முடிந்தவரை வழிவிடுங்கள். பெரிய கேம்பர் வேன் என்றால் ஷீல்டெய்க் கிராமம் வழியே சுற்றிப் போங்கள்.