உரித்த தேங்காய்க்குள் 30 கிலோமீட்டர் நூல்

சென்னையில் குரோமோசோம் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

பெரம்பூர் மாணவர்: ஒரு செல்லின் டிஎன்ஏ 2 மீட்டர் நீளமாம். உட்கருவுக்குள் சிக்காமல் எப்படி அடங்குகிறது, ஐயா?

உட்கருவின் குறுக்களவு சுமார் 6 மைக்ரோமீட்டர்தான், தம்பி. அதை உரித்த தேங்காய் அளவுக்குப் பெரிதாக்கினால், உள்ளிருக்கும் நூல் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தாம்பரம் வரை நீளும். ஆனால் அது ஒரே நூல் அல்ல, 46 துண்டுகள்; ஒவ்வொரு துண்டும் ஒரு குரோமோசோம். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த சிறு உருளையை டிஎன்ஏ 1.65 சுற்று சுற்றுகிறது. அந்தச் சுற்றில் டிஎன்ஏ ஏணியின் படிகளான எழுத்து இணைகள் 147 அடங்கும். இப்படிக் கோடிக்கணக்கான உருளைகள். பிறகு கோஹெசின் என்னும் வளையப் புரதம் நூலை இழுத்துக் கண்ணி கண்ணியாக மடிக்கிறது. ஒவ்வொரு குரோமோசோமும் உட்கருவில் தனக்கென ஓர் இடம் பிடித்துக்கொள்கிறது.

மூட்டை கட்டிப் பரணில் போடுவதற்காக நடக்கும் வேலை அல்ல இது. மயிலாப்பூர் பூக்காரம்மா சுருட்டி வைத்த சரத்திலிருந்து கேட்ட முழத்தை இழுத்து அளக்கிறாரே, அதுபோல வேண்டிய பகுதி மட்டும் நெகிழ்ந்து கொடுக்கும். கல்லீரல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான். எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

அடையாறு ஆசிரியை: படங்களில் எல்லாம் குரோமோசோம் எக்ஸ் வடிவம்தானே?

செல் பிரியும் வேளையில் மட்டும். அதையும் நாங்கள் கோல்ச்சிசின் மருந்தால் நிறுத்திப் பிடித்த பிறகே படமெடுக்கிறோம்.

தாம்பரத்திலிருந்து ஒரு தாய்: என் மகளின் அறிக்கையில் "47, எக்ஸ் எக்ஸ், +21" என்று இருக்கிறது. கிரகணத்தன்று வெளியே போனேன். அதனாலா?

இல்லை, அம்மா. கிரகணமும் காரணமில்லை, நீங்கள் சாப்பிட்டதும் காரணமில்லை. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21ஆம் குரோமோசோம் இணை பிரியாமல் ஒரே பக்கம் போய்விடுகிறது; அதனால் குழந்தைக்கு 21ஆம் குரோமோசோம் மூன்றாகி, மொத்தம் 47 ஆகிறது. இதுவே டவுன் நோய்க்குறி. கர்ப்பமாவதற்கு முன்பே நடந்து முடிந்த ஒன்றுக்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்? டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைக்கு இதயப் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் அவசியம், தள்ளிப்போடாதீர்கள். அடுத்த குழந்தை பற்றி மரபியல் ஆலோசகரிடம் பேசுங்கள்.

வேளச்சேரி வாசகர்: குரோமோசோம் கூடினால் அறிவும் கூடுமா?

கூடாது. கேழ்வரகுக்கு 36, நெல்லுக்கு 24. நம் காடுகளில் குரைக்கும் கேளையாட்டில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7 மட்டுமே. பாலூட்டிகளிலேயே இதுதான் மிகக் குறைவு. அதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கோ நம்மைப் போலவே 46. பரிணாமத்தில் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டி எண்ணிக்கை குறைந்ததே தவிர, செய்தி பெரிதாகக் குறைந்துவிடவில்லை.