மளிகைக் கடைக்குத் தனி ஆப் தேவையா? ஒரு வாசகரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: தேனி மாவட்டத்தின் சிறு நகரம் ஒன்றில் முப்பது ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்திவருகிறேன். ஏறத்தாழ இருநூறு குடும்பங்கள் மாதச் சாமான் வாங்குகின்றன. கடைக்கென்று ஒரு ஆப் செய்துவிட்டால் வாடிக்கையாளர்கள் வெளியே போகமாட்டார்கள் என்று மகன் சொல்கிறான். அதற்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். ஆனால் க்யூஆர் அட்டை வைத்து நான்கு ஆண்டுகளான பிறகும் பெண்களில் பலரும் முதியவர்களும் ரொக்கமாகவே தருகிறார்கள். இவர்கள் ஆப்புக்கு வருவார்களா?

பதில்: இப்போதைக்கு அந்த ஒன்றரை லட்சத்தைச் செலவிட வேண்டாம். உங்கள் மகனின் எண்ணம் தவறானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தொடங்க நினைக்கும் இடம்தான் பொருந்தவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை பெரிய லிஸ்டும் இடையிடையே சில்லறைச் சாமானும் வாங்குகிற ஒரு குடும்பம், அந்த ஒரு கடைக்காக ஆப்பைத் தரவிறக்கி, எண்ணைப் பதிந்து, ஓடிபி வாங்கி, நூற்றுக்கணக்கான பொருள்களுக்குள் உளுந்தையும் புளியையும் தேடி எடுத்து, இடப்பற்றாக்குறையில் திணறும் கைபேசியில் அதை அழிக்காமலும் வைத்திருக்க வேண்டும். இத்தனை சிரமத்துக்கும் ஈடாக அவர்களுக்குப் புதிதாகக் கிடைப்பது என்ன? ஒரு போன் செய்தாலே நீங்கள் சாமானைக் கட்டி வைத்துவிடுகிறீர்கள். ஏற்கெனவே எளிதாக நடக்கும் வேலையை ஆப் நீளமாக்கினால், மக்கள் அதை முதல் வாரம் திறந்து பார்ப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

கைபேசிச் சேவைகளை மக்கள் எப்படி ஏற்கிறார்கள் என்பதற்கு, கைபேசி வழியாகப் பணம் அனுப்ப உதவும் கென்யாவின் எம்-பெசா சேவை ஒரு நல்ல பாடம். 2005இல் அது சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டபோது, குறுங்கடன் வாங்கியவர்கள் தவணையைக் கைபேசி வழியாகச் செலுத்துவதே அதன் நோக்கமாக இருந்தது. ஆனால் சோதனையில் பங்கேற்றவர்கள் அதைத் தங்கள் போக்கில் வேறு காரியங்களுக்குப் பயன்படுத்தினார்கள். ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். அதைக் கவனித்த, சேவையை நடத்திய சஃபாரிகாம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம், 2007 மார்ச்சில் சேவையை நாடு முழுவதும் கொண்டுவந்தபோது கடன் தவணையை ஓரங்கட்டிவிட்டு, 'வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்' என்ற ஒரே செய்தியோடு வந்தது. நகரத்தில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களின் தலையாய கவலையை அது தொட்டது. சாதாரணக் கைபேசியே போதுமானதாக இருந்தது. பணத்தைக் கட்டவும் எடுக்கவும் பக்கத்துத் தெருக் கடைக்காரரே முகவராக இருந்தார். அந்தத் தெரிந்த முகம் இல்லாமல், தொழில்நுட்பம் மட்டும் அத்தனை பேரைச் சேர்த்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

உங்கள் ஊரில் அந்தத் தெரிந்த முகம் நீங்கள்தான். ஆகவே, வாடிக்கையாளர்கள் கைபேசியில் இப்போதே என்ன செய்கிறார்கள் என்பதை ஒரு மாதம் கவனியுங்கள். பலர் லிஸ்டைத் தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்புவார்கள். எழுதத் தயங்குகிறவர்கள் குரல் பதிவாகச் சொல்வார்கள். 2018 முதல் கிடைக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, உங்கள் அளவுள்ள கடைக்கு இலவசமாகவே போதும். பொருள்களின் படத்தையும் விலையையும் அதில் வரிசையாக ஏற்றலாம். வந்த ஆர்டர், கட்டியது, பணம் நிலுவை என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் லேபிள் இடலாம். ஒரு செய்தியைப் பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் வசதி, கடை எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். அதனால் முதல் வேலை, சாமான் பையோடு எண்ணையும் கொடுத்து, விருப்பமுள்ளவர்களைச் சேமிக்கச் சொல்வதுதான். கேட்காமல் செய்தி அனுப்பாதீர்கள்.

இனி க்யூஆர் அட்டை. பெண்களும் முதியவர்களும் ரொக்கம் தருவதைப் பழக்கம் என்றோ பயம் என்றோ சொல்லிக் கடந்துவிடக் கூடாது. பெரும்பாலும் அதற்குப் பின்னால் மிகச் சாதாரணமான தடை ஒன்று இருக்கிறது. யுபிஐ இயங்க, வங்கிக் கணக்கோடு பதிவான எண்ணின் சிம், பணம் செலுத்துகிறவரின் கைபேசியிலேயே இருக்க வேண்டும். பல வீடுகளில் அம்மாவின் கணக்கில் மகனின் எண்ணும், மனைவியின் கணக்கில் கணவரின் எண்ணும்தான் பதிவாகியிருக்கின்றன. 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை பெண்களின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. கணக்கு அவர்கள் பெயரில் இருந்தும், எண் வேறொருவருடையதாக இருந்தால், ஏடிஎம்மில் எடுத்து ரொக்கமாகச் செலவழிப்பதைத் தவிர வழியில்லை. வங்கிக்குச் சென்று எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு தகவலை நீங்கள் சொன்னாலே சிலருக்குக் கதவு திறக்கும். சொந்தக் கணக்கோடு இணைக்க முடியாதவர்களுக்கு, 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் உதவும்: வெளியூரில் இருக்கும் மகன் தன் கணக்கிலிருந்து, மாதம் அதிகபட்சம் 15,000 ரூபாய், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் என்ற வரம்புக்குள், அம்மா தன் கைபேசியிலிருந்து செலவழிக்க அனுமதி தரலாம். தேங்காய், பால் போன்ற சிறு தொகைகளுக்கு யுபிஐ லைட்டில் 'பின்' என்கிற ரகசிய எண்ணை அழுத்த வேண்டியதில்லை. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கென 2022 மார்ச்சில் அறிமுகமான யுபிஐ 123பே இருக்கிறது. ஆனால் கடை வாசலில் நின்றபடி அதைப் பயன்படுத்தப் பொறுமை வேண்டும் என்பதால் நான் அதை வற்புறுத்தமாட்டேன்.

பயம் உள்ளவர்களிடம் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: பணம் பெற ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, யாராவது கேட்டால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இந்த இரண்டு வரியையும் பெரிய எழுத்தில் கல்லாப் பக்கத்தில் ஒட்டுங்கள். முதல் முறை ஸ்கேன் செய்பவரின் பக்கத்தில் நின்று, பத்து ரூபாய்க்கு ஒரு தீப்பெட்டிக் கட்டு வாங்கச் செய்து பழக்குங்கள். தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை உண்டு என்றாலும், பணம் போய்ச் சேர்ந்ததா என்ற முதியவரின் சந்தேகத்தை அது அங்கேயே தீர்த்துவிடுகிறது. அந்த வாடகை வீண் செலவல்ல.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. வருமான வரியில், விற்பனையின் ஒரு பங்கையே லாபமாகக் கொள்ளும் உத்தேச முறையைப் பின்பற்றுபவராக இருந்தால், ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம் என்றும் வங்கி வழி விற்பனைக்கு 6 சதவீதம் என்றும் லாபம் கணக்கிடப்படும். அந்த வகையில் உங்களுக்கே நன்மை.

ஆறு மாதம் இப்படி நடத்திய பிறகு, வாட்ஸ்அப் ஆர்டர்கள் நாளொன்றுக்கு முப்பது நாற்பது என்று பெருகி, ஒருவர் கையால் எழுதிச் சமாளிக்க முடியாமல் பிழைகள் வரத் தொடங்கினால், மகனோடு மறுபடியும் உட்கார்ந்து பேசுங்கள். அப்போதும் முதலில் தேவைப்படுவது, சரக்கு இருப்பையும் பற்றுக் கணக்கையும் ஒரே இடத்தில் காட்டும் பில்லிங் மென்பொருளாகத்தான் இருக்கும். அதுவரை அந்தத் தொகையில் ஒரு பகுதியை, மாலை நேரத்தில் வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பையனின் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள். வெளியே போய்விடுவார்கள் என்று உங்கள் மகன் அஞ்சும் குடும்பங்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.