சிஎஸ்ஆர் பணம் வாங்கித் தருகிறேன் என்கிறார், 60,000 கொடுக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படகர் கிராமம்) நான்கு வருடமாக அறக்கட்டளை நடத்துகிறோம். 12ஏ, 80ஜி வருமான வரிச் சலுகைப் பதிவுகள் இருக்கின்றன. ஊருக்குத் தண்ணீர் தரும் ஊற்றைச் சீரமைக்க வேண்டும். பெங்களூர் கம்பெனி ஒன்றின் சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி 40 லட்சம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். முன்னதாக 60,000 ரூபாய் ‘ஃபைல் சார்ஜ்’. பணம் வந்ததும் 20 சதவீதம் ரொக்கமாகத் திருப்பித் தர வேண்டுமாம். நம்பலாமா? கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் 2 லட்சம் தருகிறேன் என்கிறார். அதையாவது வாங்கலாமா?

பதில்: 60,000 கொடுக்காதீர்கள். உதவி செய்கிற கம்பெனி உங்களிடம் முன்பணம் கேட்காது.

அதைவிட ஆபத்து அந்த 20 சதவீதம். 40 லட்சத்தில் 8 லட்சம் அவர் கைக்குப் போனால், 32 லட்சத்துக்கு வேலை செய்துவிட்டு 40 லட்சத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். மீதிக்குப் பொய் பில். கையெழுத்து உங்களுடையது; அவர் பெயர் ஒரு காகிதத்திலும் இருக்காது. வருமான வரித்துறை கேட்டால் உங்கள் 12ஏ, 80ஜி பதிவுதான் போகும்.

கம்பெனியின் பெயரை எழுத்தில் கேளுங்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றை எட்டிய கம்பெனிதான் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிடக் கடமைப்பட்டது. அதன் சிஎஸ்ஆர் கொள்கையும் ஒப்புதல் பெற்ற திட்டங்களும் அதன் இணையதளத்தில் இருக்க வேண்டும். அங்கே இருக்கும் முகவரிக்கு நீங்களே எழுதுங்கள். ‘மார்ச் 31 தாண்டினால் பணம் போய்விடும்’ என்று அவசரப்படுத்துவார்கள். பாதி உண்மை, தொடர் திட்டமாக இருந்தால் மிச்சப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு மேலும் மூன்று ஆண்டு செலவிடலாம். ‘உலக வங்கிப் பணம்’ என்று யாராவது வந்தால் உட்காரவே சொல்லாதீர்கள். அது அரசாங்கங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கி, புரோக்கரை அனுப்பி ஹட்டி ஹட்டியாக ஆள் தேடுவதில்லை.

உங்களுக்கு வேண்டியது, சிஎஸ்ஆர் பணம் வாங்கக் கம்பெனி விவகாரத்துறை தரும் சிஎஸ்ஆர்-1 பதிவு எண். ஆடிட்டர் சான்றளித்துத் தாக்கல் செய்துவிடலாம். இதே வேலையில் மூன்றாண்டு அனுபவம் இருப்பதற்குக் கணக்கும் படமும் வையுங்கள். ஒரே பத்திரத்தை, ஒரே பான் கார்டை வருமான வரிக்கு ஒருமுறை, தொண்டு நிறுவனங்களுக்கான அரசின் ‘தர்ப்பண்’ தளத்துக்கு ஒருமுறை, கம்பெனி விவகாரத்துறைக்கு ஒருமுறை ஏற்றச் சொல்வார்கள். இந்தச் சலிப்பில்தான் புரோக்கருக்குப் பிழைப்பு. ஊற்று இருக்கும் நிலம் வருவாய்த் துறையுடையதா, வனத்துறையுடையதா என்று பார்த்து அனுமதியை முதலில் வாங்குங்கள். நீலகிரியில் கலெக்டர் அனுமதியில்லாமல் ஜேசிபி இறக்க முடியாது. பணம் வந்த பிறகு இதற்கு அலைந்தால் ஒரு வருடம் போய்விடும்.

கனடாக்காரர் விஷயம் ஒரே கேள்வியில் நிற்கிறது: அவர் எந்த நாட்டுக் குடிமகன்? இந்தியக் குடிமகனாகவே இருந்தால், சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம். அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டாரென்றால் ஆகும். உங்கள் ஹட்டியிலேயே பிறந்திருந்தாலும் ஆகும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும் ஆகும், ஊட்டியில் இருக்கும் அவருடைய கணக்கிலிருந்து ரூபாயாகவே கொடுத்தாலும் ஆகும். தம்பி கணக்கில் போட்டு அவர் கையால் கொடுக்க வைத்தாலும் அதேதான். சுற்றிப்பார்க்க வந்த வெள்ளைக்காரர் உண்டியலில் போடும் 500 ரூபாய்க்கும் இதே சட்டம்.

வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ என்ற சட்டப்படி பதிவு வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். கணக்கும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான். கோத்தகிரி ஊற்றுக்கு டெல்லியில் கணக்கு! அந்தப் பதிவு உள்ள வேறொரு தொண்டு நிறுவனம் வாங்கி உங்களுக்குக் கொடுக்கும் வழியையும் 2020-இல் அடைத்துவிட்டார்கள். இந்த ஒரு நன்கொடைக்கு மட்டும் முன் அனுமதி கேட்கலாம். 2 லட்சத்துக்கு அந்த அலைச்சல் கட்டுமா என்று பாருங்கள்.

முதலில் அவர் பாஸ்போர்ட்டின் படத்தை வாங்குங்கள். மேலட்டை நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நம்முடையதைப் போலவே கனடாவுடையதும் கருநீலம்தான். உள்ளே குடியுரிமை என்ற வரியைப் படியுங்கள்.