ஓரிட வாழ்விப் பறவை என்றால் என்ன? இலங்கை மலையகத்தில் அவை ஏன் அதிகம்?

உலகில் ஓரிடத்தில் மட்டுமே இயற்கையாக வாழும் இனம்தான் ஓரிட வாழ்வி. காரணம் தனிமை. மலையகத்து ஹோர்ட்டன் சமவெளி 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சுற்றிலும் சூடான தாழ்நிலம், அப்புறம் கடல். குளிர்க்காட்டுப் பறவைக்கு அதுவே தீவுக்குள் ஒரு தீவு. தலைமுறை தலைமுறையாக வெளிக்கலப்பு இல்லாமல் மெல்ல மாறித் தனி இனமாகிவிடும். நம் தாத்தாக்கள் கொண்டுவந்த தமிழ் தேயிலைத் தோட்டங்களில் தனி வாசனை பிடிக்கவில்லையா, அப்படித்தான்.

இங்குள்ள சீழ்க்கைப் பூங்குருவிக்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஒரு சொந்தம் உண்டு. நம்முடையது சரியான கூச்சக்காரி; விடியலில் ஓடையோரம் நின்றால் கண்ணில் படுவதற்குமுன் சீழ்க்கைதான் கேட்கும்.

ஓரிட வாழ்வி என்றாலே அரிது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நுவரெலியாவில் மஞ்சள் காதுச் சின்னான் தாராளமாகத் திரிகிறது, அது இலங்கைக்கே உரியது. அங்குள்ள விக்டோரியா பூங்காவில் ஆட்கள் தேடியலையும் காஷ்மீர் ஈப்பிடிப்பானோ குளிர்கால விருந்தாளி.