அப்பாவின் உதட்டில் வெட்டு: ஏர்வே வைத்ததாலா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, பலமாகக் குறட்டை விடுவார். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தபோது கீழ் உதட்டில் சின்ன வெட்டு இருந்தது. ‘ஏர்வே வைத்தபோது பட்டிருக்கும்’ என்றார்கள். அத்தைக்கு மூக்கு வழியாக மெத்தென்ற குழாய் வைத்தார்களாம். அதுதான் நல்லதா? அடுத்த மாதம் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் இருக்கிறது.

பதில்: மயக்க மருந்து ஏறியதும் தாடைத் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரியும். குறட்டையில் பாதி அடைபடும் அதே வழி இப்போது முழுதாகவே அடைபடலாம். முகத்தில் மாஸ்க்கை வைத்து, அதோடு இணைந்த காற்றுப் பையை அழுத்தினாலும் மார்பு எழும்பாது. முதலில் தலையைச் சாய்த்து, கீழ்த்தாடையை முன்னால் தூக்கிப் பார்ப்போம். அதற்கும் வழிவிடாவிட்டால்தான் ஏர்வே, அதாவது நாக்கு அடைக்காமல் மூச்சு வழியைத் திறந்து வைக்கும் குழாய்.

வாயில் வைப்பது பெரும்பாலும் கூடெல் ஏர்வே. நாக்கின் வளைவுக்கு ஏற்ப வளைந்த, கெட்டியான பிளாஸ்டிக். பெரியவர்களுக்குப் பச்சை 8, மஞ்சள் 9, சிவப்பு 10 சென்டிமீட்டர். வாயோரத்திலிருந்து தாடைக் கோணம் வரை கன்னத்தின் மேல் வைத்து அளவு பார்ப்போம். இந்த அளவுதான் முக்கியம். குட்டையாக இருந்தால் நாக்கையே பின்னால் தள்ளும்; நீளமாக இருந்தால் குரல்வளை மூடியை அழுத்தி, திறக்க வந்த குழாயே வழியை அடைத்துவிடும். பெர்மன் ஏர்வேயும் உண்டு. அதில் நடுவில் துளை இல்லை, இரண்டு பக்கமும் காற்று போகும் பள்ளங்கள். வேலை ஒன்றுதான்.

மூக்குக் குழாய் மென்மையானது, உண்மைதான். அரை மயக்கத்தில் இருப்பவரும் தாங்குவார். வாய்க் குழாயை அந்த நிலையில் வைத்தால் குமட்டும், குரல்வளை இறுகிப்போகவும் கூடும். ஆனால் மூக்கில் ரத்தம் கசியலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும், மண்டையின் அடிப்பகுதி எலும்பு முறிந்தவர்களுக்கும் பொதுவாகத் தவிர்ப்போம். ஆகவே அத்தைக்கு வைத்தது உயர்ந்தது, அப்பாவுக்கு வைத்தது மட்டம் என்று இல்லை. முழு மயக்கத்தில் நானும் முதலில் கை நீட்டுவது வாய்க் குழாய்க்குத்தான்.

உதடு, பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சிக்கியிருக்கும். கவனித்து விலக்கிவிட வேண்டிய விஷயம்தான், அவசரத்தில் எங்களுக்கும் தவறுகிறது. சில நாளில் ஆறிவிடும். வாசலின் தடவுங்கள், காரம் வேண்டாம்.

அடுத்த முறை மயக்க மருத்துவர் பார்க்க வரும்போது குறட்டையைப் பற்றிச் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறாரா என்பதை அம்மாவிடம் கேட்டு வையுங்கள். ஆடும் பல் இருந்தால் விரலால் தொட்டுக் காட்டுங்கள். பல் செட்டு இருந்தால் நீங்களாகக் கழற்றிவிடாமல் அவரிடம் கேளுங்கள். ஒட்டிய கன்னத்தில் மாஸ்க் பொருந்தாது என்பதால், கடைசி நிமிடம் வரை இருக்கட்டும் என்று சிலர் சொல்வோம். தாடி வைத்திருக்கிறாரா? மழித்துவிட்டால் எங்களுக்குப் பெரிய உபகாரம்.